பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி

வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான், இன்றைக்கு ஒரு பொழுது மட்டும் இந்தப் பாழாய்ப்போன வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும் என்று பள்ளிவாசல் மொட்டைமாடியின் கைப்பிடிச்சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அமீர்தீன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற யாரோ "அந்தா, டவருக்கு மேல பாரு, டவருக்கு மேல" என்றதும் வாய் தானாகத் திறந்து, அங்கே இல்லை என்று சொல்லப்போய், கொட்டாவி விடுவதுபோலப் பாவனை பண்ணி மூடிக்கொண்டது. லட்சணம் இதுதான். மக்ரிப் தொழுத கையோடு ஊரே மாடிப்படியில் முண்டியடித்து ஏறி வந்திருக்கிறது. இருபத்தொன்பதாவது நோன்பு இப்போதுதான் திறந்தாயிற்று, எல்லார் மூச்சிலும் நோன்புக் கஞ்சியின் பூண்டு வாசனை. மேற்கே பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. கீழே கடைத்தெருவில் தையல்காரரும் கறிக்கடைக்காரரும் அண்ணாந்து இந்த மாடியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இத்தனை பேரும் தேடுகிற பொருள் எங்கே இருக்கிறதென்று அமீர்தீனுக்குத் தெரியும். அதுதான் வினையே. காலேஜில் இயற்பியல் பாடம் நடத்துகிறவன். சூரியனும் சந்திரனும் எந்த நேரத்துக்கு எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அவனுக்குப் பசி மாதிரி, வேண்டாமென்றால் நிற்காது. இவர்கள் எல்லாரும் உப்பளத்து செல்போன் டவருக்கு மேலே பார்க்கிறார்கள், ஏனென்றால் போன மாதம் நோன்புப் பிறை அங்கேதான் தெரிந்தது. அட அல்லாவே, ஒரு மாதத்தில் சூரியன் மறைகிற இடமே வடக்கே நகர்ந்துபோயிருக்கிறதே, அது கூடவா தெரியவில்லை? கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், டவரிலிருந்து வலப்பக்கம் ஒன்றரை முட்டி, ஐஸ் கம்பெனி தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே. ஒரு வரி. ஒரே ஒரு வரி சொன்னால் போதும். சொல்லக் கூடாது.

சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறான். அஸர் தொழுகைக்குக் கிளம்பும்போது மனைவி ருக்கையா வாசலை மறித்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு, "இஞ்சாருங்க, வாப்பா இன்னைக்குப் பள்ளியில இருந்து நேரா நம்ம வீட்டுக்கு வர்றேன்னு உம்மாகிட்ட சொல்லிருக்காங்க. நீங்க பிறையைப் பத்தி நாலு பேர் முன்னால ஒரு வார்த்தை பேசாம இருந்தா வந்து புள்ளையைப் பார்ப்பாங்களாம். புள்ளை தலையில கையை வச்சுச் சொல்லுங்க" என்றாள். பிள்ளை தலையில் சத்தியம் பண்ணக் கூடாது, அது மார்க்கத்தில் இல்லை என்றான். "ஆமா, உங்க கணக்கு மட்டும் மார்க்கத்துல இருக்குதாக்கும்" என்று அவள் சொன்னபோது சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் கண் தளும்பிவிட்டது. கையை வைத்தான். உச்சந்தலை இன்னும் இறுகவில்லை, மெத்தென்று துடித்தது. பிறந்து ஏழு மாதமாகிற பேரன், தெருவைத் தாண்டினால் தாத்தா வீடு, இன்றுவரை அந்த மனுஷர் எட்டிப் பார்க்கவில்லை. முடியெடுத்துப் பேர் வைத்த அன்றைக்கு மாமி மட்டும் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்துவிட்டுப் போனாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் ருக்கையா இப்போதும் முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு ஓடுகிறாள், பால்காரராக இருக்கும். யாரால் இதெல்லாம்? அவனால்தான். இல்லை, அவனால் இல்லை. அவன் என்ன செய்தான்? சந்திரன் சூரியனுக்கு முன்னாலேயே மறைந்துவிட்டது என்று சொன்னான். சந்திரன் மறைந்ததற்கு அவன் என்ன பண்ணுவான்?

போன வருஷத்து நோன்புப் பிறை. அதை நினைக்கக் கூடாது என்று நினைக்கும்போதே நினைப்பு அங்கேதான் போய் முட்டுகிறது, பல் விழுந்த இடத்தில் நாக்கு போகிற மாதிரி. அன்றைக்கு அவன் மதுரையில் விடைத்தாள் திருத்தப் போயிருந்தான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் "பிறை தென்பட்டது, நாளை நோன்பு" என்று வந்ததும், பதறிப்போய், படத்தையும் வரைந்து போட்டு, "இன்று நம் ஊரில் பிறை தெரிய வாய்ப்பே இல்லை, சூரியனுக்கு முன்பே சந்திரன் மறைந்துவிட்டது, பார்த்ததாகச் சொன்னவர் வேறு எதையோ பார்த்திருக்கலாம்" என்று எழுதினான். மரியாதையாகத்தானே எழுதினான்? முன்னால் அஸ்ஸலாமு அலைக்கும் போட்டான், பின்னால் அல்லாஹ்வே அறிந்தவன் போட்டான். சாட்சி சொன்னது யாரென்று அவனுக்குத் தெரியாது. விசாரித்த பிறகுதான் தெரிந்தது. சாட்சி அவனுடைய மாமனார் மீராசா. நோன்பு ஆரம்பிக்க ஒரு சாட்சி போதும். இமாம் ஆலிம்சா முன்னால் நின்று, "கண்ணால பார்த்தேன், தோணிப் பாய் மாதிரி நட்டமா நின்னுச்சு" என்று சொல்லியிருக்கிறார். ஐம்பது வருஷம் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து ஒரு கஜத்துக்கு அரை விரல் கூடுதலாகவே கிழித்துக் கொடுத்தவர் என்று பெயரெடுத்த மனுஷர். மாமனாரையே பொய்ச்சாட்சி என்று சொல்லிவிட்டான் என்று விடிவதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு. ஊருக்குத் திரும்பியதும் பள்ளியில் நின்று, பொய் வேறு, பிழை வேறு என்று தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தான். விமானம் போன கோடு வெயில்பட்டு மின்னும், மேகத்தின் ஓரம் மின்னும், பார்க்க வேண்டும் என்று ஏங்குகிற கண்ணுக்கு எதுவும் பிறைதான், அதில் தப்பு என்ன, குற்றம் என்ன? அதோடு, இந்த மாதங்களில் நம் ஊரில் பிறை பாய் மாதிரி நிற்காது, மல்லாந்துதான் கிடக்கும் என்றான். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். "அல்லா கொடுத்த கண்ணைவிட உன் கம்ப்யூட்டர் பெருசா?" என்று ஜமாஅத் செயலாளர் காசிம் மரைக்காயர் ஒரு அதட்டல் போட்டார், சுற்றி நின்றவர்கள் "அதானே" என்றார்கள், பின்வரிசையிலிருந்து ஒருவன் வழிகெட்டவன் என்றான், இன்னொருவன் அதைவிடப் பெரிய வார்த்தையைச் சொன்னான். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அப்போது சொல்ல வேண்டிய பதில் மறுநாள் குளிக்கும்போது வந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். பள்ளிக்குள் இமாம் நிற்கிற மிஹ்ராப் மாடத்துக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் மின்னுகிறதே தொழுகை நேரக் கடிகாரம், அது யார் போட்ட கணக்கு, மரைக்காயர் காக்கா? அஸருக்குக் குச்சி நட்டு நிழலை அளந்துவிட்டா பாங்கு சொல்கிறீர்கள்? சூரியனுக்குச் செல்லுகிற கணக்கு சந்திரனுக்கு மட்டும் செல்லாதா? எத்தனை அழகான பதில்! அன்றிலிருந்து தினமும் காசிம் மரைக்காயரை எதிரில் நிறுத்திவைத்து அதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறான், பஸ்ஸில், வகுப்பில், பிள்ளையை ஆட்டும்போது. ஒவ்வொரு முறையும் மரைக்காயர் வாயடைத்துப் போகிறார், ஒவ்வொரு முறையும் மாமா அதே மாதிரி துண்டை உதறிக்கொண்டு படியிறங்கிப் போகிறார். பதில் ஜெயித்து என்ன செய்ய? அவனும் தொழுகிறவன்தான், நோன்பு வைக்கிறவன்தான். கண்ணால் பார்த்துத்தான் நோன்பு பிடிக்க வேண்டும் என்றால் பார்ப்போம், வேண்டாம் என்று யார் சொன்னது? பார்க்கவே முடியாத நாளில் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதானே கேட்டான்? இத்தனை பெரிய சந்திரன் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் வந்து நிற்கிறதே, அந்தக் கணக்கைப் போட்டு முடிக்கிறபோது அவனுக்கு நெஞ்சு நிறைந்து சுப்ஹானல்லாஹ் என்றுதான் வாயில் வரும், அதை யாரிடம் போய்ச் சொல்ல? பிறை பார்க்க உதவுமே என்று சொந்தக் காசில் ஒரு தொலைநோக்கி வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்தான். அது மய்யித்தை அடக்கத்துக்குத் தூக்குகிற சந்தூக்குப் பெட்டி வைத்திருக்கும் அறையில், ஓடாத மின்விசிறிக்குப் பக்கத்தில், உறை பிரிக்காமல் கிடக்கிறது. இப்போதுகூட மாடி ஏறும்போது ஸலாம் சொன்னான். பதில் சொல்லாமல் இருக்க முடியாது, கடமையாயிற்றே, ஆகவே தாடிக்குள்ளேயே முணுமுணுத்தார்கள், சிலர் இருமிச் சமாளித்தார்கள். மாமா அந்தக் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலியில், பட்டைக் கண்ணாடியோடு, வானத்தைப் பார்க்கிறாரா சும்மா தலையை நிமிர்த்தி வைத்திருக்கிறாரா என்று தெரியாதபடி உட்கார்ந்திருக்கிறார். இளைத்துவிட்டார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நிற்கிறது. அவருக்கும் இந்த ஒரு வருஷம் பாரமாகத்தான் இருந்திருக்கும் என்று முதல் தடவையாக அமீர்தீனுக்குத் தோன்றியது, தோன்றியதும் அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது.

"காத்து திரும்பிருச்சு, இனிமே பாய் எடுக்காது. மேகம் மூடிரும், எறங்குவமா?" என்றார் காசிம் மரைக்காயர். இரண்டு படகுக்குச் சொந்தக்காரர். கல்யாணமோ சாவோ தேர்தலோ, எதைப் பேசினாலும் காற்றும் பாயும் தோணியுமாகத்தான் பேசுவார். அவர் சொன்னதுபோலவே தெற்கேயிருந்து மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. அமீர்தீன் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தான். பேசக் கூடாது என்றுதானே சத்தியம், பார்க்கக் கூடாது என்று இல்லையே என்று மனசு சட்டம் பேசியது, கண் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போய்விட்டது. ஒன்றும் இல்லை. சாம்பல் நிறம், அதற்குள் கொஞ்சம் ரோஜா நிறம். இல்லை என்றால் நல்லது, எனக்கென்ன, நாளைக்கு இன்னொரு நோன்பு வைத்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக் கண்ணை எடுக்கப்போனான், அப்போது மேகத்தின் கிழிசலுக்குள்ளே அது இருந்தது. புதிதாக வந்ததாகத் தெரியவில்லை, எப்போதும் அங்கேயே இருந்ததுபோல இருந்தது. நகத்தை வெட்டிப் போட்டதுபோல அத்தனை மெல்லியதாக, வெள்ளியாக, மல்லாந்து. கணக்கில் நூறு தடவை பார்த்திருக்கிறான், ஆனாலும் கண்ணால் பார்க்கிறபோது அது வேறாகத்தான் இருக்கிறது, இதைத்தானே ஆலிம்சாவும் பார்க்க வேண்டும் பார்க்க வேண்டும் என்கிறார், சரிதான், அவர் சொல்வதும் சரிதான். பக்கத்தில் பார்த்தான். எல்லாத் தலையும் டவர் பக்கம். அட, திரும்புங்களேன்! ஒருத்தனாவது திரும்பித் தொலையுங்களேன்! மேகம் வருகிறது. இன்னும் கொஞ்ச நேரம், அப்புறம் மூடிவிடும். சொன்னால் பிள்ளை தலையில் வைத்த கை. சொல்லாவிட்டால் பார்த்த சாட்சியை மறைத்த பாவம், அது சின்னப் பாவமா? நாளைக்குப் பெருநாளாக இருக்கும்போது ஊர் பூராவும் நோன்போடு இருக்கும், பெருநாளன்று நோன்பு வைப்பது ஆகாதே, தெரிந்தே விட்டவன் அவன் ஒருவன்தான். இருமினான். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்து இன்னும் பலமாக இருமினான். பக்கத்தில் நின்றவர் "தண்ணி குடிங்க தம்பி" என்றார், திரும்பவே இல்லை. மாமா வீட்டுக்கு வருவார், கதவைத் தட்டுவார், ருக்கையா ஓடுவாள், இந்த முறை பால்காரராக இருக்காது. வாயை மூடிக்கொண்டிரு. வாயை மூடிக்கொண்டு

"அந்தா இருக்கு!" என்று கத்தியது அவன் குரல்தான். "ஐஸ் கம்பெனி தொட்டிக்கு மேல. மேகம் கிழிஞ்சிருக்கே, அதுக்குள்ள!" ஒரு கணம் எல்லாத் தலையும் திரும்பியது, திரும்பிய வேகத்தில் பாதித் தலை வானத்துக்குப் போகாமல் அவன் முகத்திலேயே வந்து நின்றுவிட்டது. அடச்சே, என்னை ஏன் பார்க்கிறீர்கள், நானா பிறை? "ஆரம்பிச்சுட்டானப்பா" என்றார் ஒருவர். "இது கண்ணு பார்த்த சாட்சி இல்லை, கணக்குப் பார்த்த சாட்சி. வரும்போதே வீட்டுல போட்டுக் கொண்டாந்துட்டான்" என்றார் காசிம் மரைக்காயர். நாலைந்து பேர் சிரித்தார்கள். போன வருஷம் இல்லாததை இல்லை என்றதற்கு வழிகெட்டவன், இந்த வருஷம் இருப்பதை இருக்கிறது என்றாலும் வழிகெட்டவனா? அவனுக்கு அழுகை முட்டியது, கோபத்தில் வருகிற அழுகை, அது இன்னும் கேவலம். ஆலிம்சா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், அவர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, கணக்கை விடுங்க. கண்ணால பார்த்தீங்களா?" "பார்த்தேன். அல்லா மேல ஆணையா இந்தக் கண்ணால பார்த்தேன்." "சரி, ஒரு சாட்சி ஆச்சு. பெருநாள் பிறைக்கு ரெண்டு வேணும். வேற யாருக்குத் தெரியுது?" என்று ஆலிம்சா உரக்கக் கேட்டார். மேகம் அந்தக் கிழிசலைத் தைத்துக்கொண்டே வந்தது. சிலர் நிஜமாகவே கண்ணைச் சுருக்கித் தேடினார்கள். ஒரு இளவட்டம் ஏதோ சொல்ல வாயெடுத்து, மரைக்காயரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்திருக்கும், நிச்சயம் தெரிந்திருக்கும், அட படுபாவி, சொல்லேன்டா! அவன் மெல்ல நகர்ந்து பின்னால் போய்விட்டான்.

அப்போது பிளாஸ்டிக் நாற்காலி தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. மாமா எழுந்து வந்துகொண்டிருந்தார், கூட்டத்தைக் கையால் தடவித் தடவி. திட்டத்தான் வருகிறார், இத்தனை பேர் முன்னால் அறைந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று அமீர்தீன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் வந்து அவன் தோளைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. பிறையைப் பார்க்க உதவி கேட்கிறவரைப்போல முகத்தை அவன் காதருகே கொண்டுவந்தார், கஞ்சி வாசனையும் அத்தர் வாசனையும் சேர்ந்து வந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல். "நிசமா இருக்கா, மாப்ளே?" என்று கேட்டார், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இருக்கு மாமா." "எப்படி இருக்கு?" "மல்லாந்து கிடக்கு மாமா. புள்ளைத் தொட்டில் மாதிரி." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மேற்கே பார்த்துக் கையை நீட்டினார். நீட்டிய விரல் தண்ணீர்த் தொட்டிக்கும் டவருக்கும் நடுவில் எங்கேயோ, ஒன்றுமே இல்லாத மேகத்தில் போய் நின்றது. "ஆலிம்சா, நானும் பார்த்தேன்" என்றார் உரக்க. ஆலிம்சா பக்கத்தில் வந்தார். "பெரியவங்களே, நிதானமாச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?" "மல்லாந்து. புள்ளைத் தொட்டில் மாதிரி."

மாடி முழுக்க அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது, பாங்கு சொல்கிற மோதினார் மைக்கைப் பிடிக்கப் படியில் குதித்து ஓடினார், கீழே கறிக்கடைக்காரர் கூவியது மேலே கேட்டது. யார் யாரோ அமீர்தீனைக் கட்டிப்பிடித்தார்கள், முணுமுணுத்தவர்களெல்லாம் வாய் நிறைய வாழ்த்துச் சொன்னார்கள், காசிம் மரைக்காயர்கூடக் கையைக் கொடுத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு போனார். அமீர்தீன் ஆலிம்சாவைத் தேடித் திரும்பினான். சொல்லிவிட வேண்டும். ஆலிம்சா, அவர் பார்க்கவில்லை, நான் சொன்னதைச் சொன்னார், அவருக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லிவிட வேண்டும். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது என்பதற்காகத்தானே ஒரு வருஷம் ஊரோடு முட்டிக்கொண்டு நின்றான்? பிறை நிஜம், சாட்சி பொய், இதற்கு என்ன கணக்குப் போடுவது? மாமா அவன் கணக்கை நம்பினாரா, அவனை நம்பினாரா, பேரனுக்காகச் சொன்னாரா? தொட்டில் மாதிரி. அவன் வார்த்தையை அப்படியே, ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். அவன் வார்த்தை. அப்படியானால் போன வருஷம் அவர் சொன்னது யார் வார்த்தை? தோணிப் பாய் மாதிரி நட்டமாக. ஜவுளிக்கடை மனுஷர், கடலில் கால் நனைக்கவே பயப்படுகிறவர், எந்தச் சாமானைப் பார்த்தாலும் ஜரிகை மாதிரி, கரை மாதிரி என்று சொல்லுகிறவர், அவர் வாயில் தோணியும் பாயும் எப்படி வந்தது? போன வருஷம் இதே மாடியில் அவர் தோளோடு தோளாக யார் நின்றது, இதே மாதிரி யாரை நம்பி, நிசமா இருக்கா என்று காதோடு கேட்டார்? அன்றைக்கே கண் போயிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு நடுவில் வெள்ளைத் தொப்பி போட்ட காசிம் மரைக்காயரின் தலை படியிறங்கிப் போவது தெரிந்தது.

மாமா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, காலால் துழாவி ஒவ்வொரு படியாக இறங்கினார். பள்ளி ஒலிபெருக்கியில் தக்பீர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "மாமா" என்றான் அமீர்தீன். "போன வருஷம், தோணிப் பாய்னு சொன்னீங்களே. அது உங்க காதுல யாரு சொன்னது?" அவர் நின்றார். பிடித்திருந்த விரல்கள் அவன் சதையில் அழுந்தின, இப்போதுதான் பலம் வந்தது போல. அப்புறம் அடுத்த படியைக் காலால் தேடினார். "பேரனைப் பார்க்கப் போறேன். பெருநாள் ராவும் அதுவுமா வாயைத் திறக்காம வாங்க, மாப்ளே" என்றார்.

தெருமுனையில் வீட்டு வாசல் விளக்கு எரிந்தது, ருக்கையா பிள்ளையோடு வெளியே வந்து நின்றிருந்தாள். அமீர்தீன் வாயைத் திறக்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு போனான்.